சான்றா, சடங்கா? பல்வைத்தியத்தில் ஊடுகதிர்ப் படமும் முப்பரிமாணப் படமும்

பல்வலியுடன் வருபவன் வாயைத் திறக்கு முன்னரே பொறியின் முன் நிறுத்தப்படுகிறான். அவனது தலையைச் சுற்றிக் கரமொன்று சுழன்று வருகிறது. சில நிமிடங்களில் கணனித் திரையில் அவன் மண்டையோட்டின் கீழ்ப்பாதி வெண்கற் சிற்பம்போல் எழுந்து நிற்கின்றது. அதனை இப்புறமும் அப்புறமும் திருப்பிக் காட்டிய பின்னரே அவனது வாய் பார்க்கப்படுகிறது. அதுவும் சில வேளைகளில் ஓர் ஒப்புக்காகவே. பெருநகரங்கள் பலவற்றின் தனியார் பல்வைத்திய நிலையங்களில் இன்று வேரூன்றிவரும் இவ்வரிசை மாற்றத்தை நவீனம் என்று பாராட்டுவோர் உளர். அது நவீனமன்று. நூறாண்டுகளுக்கு முன்னர் பல்வைத்தியம் இழைத்துப் பின்னர் வருந்திய பிழையொன்றின் புதிய பதிப்பே அது.

ஊடுகதிரையோ முப்பரிமாணப் படத்தையோ பழித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத இடங்களை எட்டச் செய்த கருவிகள் அவை. நோயாளியை வினாவி, வாயை ஆராய்ந்து, அவ்வாய்வில் தீராத ஐயமொன்று எஞ்சி நிற்க, அவ்வையத்தைத் தீர்ப்பதற்கென எடுக்கப்படும் படம் சான்று. ஐயம் எதுவும் எழாத நிலையில், வந்தவர் எவராயினும் எடுத்தே தீரவேண்டும் என்று எடுக்கப்படும் படம் சடங்கு. மருத்துவ விழா மேடைகளில் வள்ளுவரின் மருந்து அதிகாரம் தவறாது நினைவுகூரப்படுவதுண்டு. நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என அங்கு வகுக்கப்பட்ட வரிசை, மேடையை விட்டு இறங்கியதும் மறக்கப்பட்டுவிடுகிறது.

பழைய பிழை யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் கொன்றாட் றொன்ற்ஜன் 1895 நவம்பர் 8ஆம் நாள் இக்கதிரைக் கண்டார். டிசம்பர் 28ஆம் நாள் தமது அறிக்கையைக் கையளித்தார். அதன்பின் மூன்று வாரங்கள்கூடக் கழியவில்லை. 1896 ஜனவரியில் பிறவுன்சுவைக் நகரத்துப் பல்வைத்தியர் ஒற்றோ வால்க்கொவ், ஒளிப்படத் தகட்டுத் துண்டொன்றைத் தம் வாயினுள் வைத்து, 25 நிமிடம் கதிரின் முன் அசையாதிருந்து, பற்களின் முதற் படத்தைப் பெற்றார். அவருக்குத் துணைநின்ற வேதியியலறிஞர் பிறீட்றிக் கீசல், கதிர்வீச்சு விளைத்ததெனக் கருதப்படும் புற்றுநோயினால் 1927இல் இறந்தார். பற்களின் முதற்படத்தோடு ஒட்டிப் பிறந்த விலை அது.

ஐக்கிய அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பல்வைத்தியரான எட்மண்ட் கெல்ஸ், 1896 முதல் ஊடுகதிரை நாளாந்தத் தொழிலிற் கையாண்டவர். வாயில் ஊறும் நீரை உறிஞ்சி அகற்றும் கருவியையும் பல்வைத்தியத்துக்குத் தந்தவராக அவர் போற்றப்படுகிறார். கதிர்க்குழாய் செம்மையாக இயங்குகின்றதா என்பதைச் சோதிக்க அவர் நாள்தோறும் செய்தது தம் கையையே கதிரின் முன் நீட்டிப் பார்த்தல். என்பு தெளிவாகத் தெரிந்தால் குழாய் செம்மையாயுள்ளது என்பது முடிவு. படலத்தை நோயாளியின் வாயிற் பிடித்திருந்ததும் அதே விரல்களே. ஆண்டுகள் செல்ல அவ்விரல்களிற் புண் தோன்றிப் புற்றாயிற்று. விரல்கள், கை, இறுதியிற் புயம் என அறுவைகள் தொடர்ந்தன. 1928ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

கெல்சின் வரலாறு கதிர்ப் பாதுகாப்புப் பாடத்தின் முன்னுரையாக மாணவர்க்குச் சொல்லப்படுவதுண்டு. அப்பாடத்திற் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அவரது மற்றப் போராட்டம். அதுவே இங்கு முதன்மையானது.

1910இல் ஆங்கிலேய மருத்துவரான வில்லியம் ஹன்ரர், மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையொன்றில், மூடியிட்ட பற்களின் கீழே மறைந்திருக்கும் சீழே உடலின் பல நோய்களுக்கும் ஊற்று என்றார். சிக்காகோவில் பிறாங் பில்லிங்ஸ் முதலானோர் அக்கருத்தைக் குவியத் தொற்று என்னும் கோட்பாடாக வளர்த்தெடுத்தனர். மூட்டுவாதம், இருதய நோய், சிறுநீரக நோய், மனநோய் ஆகிய யாவற்றுக்கும் வேர் பல்வேரின் நுனியில் உண்டென நம்பப்பட்டது. இந்நம்பிக்கைக்குக் கிடைத்த கண்கண்ட சாட்சி ஊடுகதிர்ப் படமே. படத்தில் வேர்நுனியைச் சூழ்ந்து கரிய நிழலொன்று தெரிந்தால் பல் பிடுங்கப்பட்டது. ஐயத்துக்கிடமான நிழல் தெரிந்தாலும் பிடுங்கப்பட்டது. நிழலே இல்லாவிடினும் உட்கூழ் இறந்த பல் என்பதற்காகவே பிடுங்கப்பட்டதும் உண்டு. நோயாளியை மருத்துவர் அனுப்புவார். பல்வைத்தியர் படம் எடுப்பார். படத்தைக் கண்ட மருத்துவர் இன்னின்ன பற்களை அகற்றுக என்று கட்டளையிடுவார். நியூ ஜேர்சி மாநிலத்து ட்றென்ரன் மனநோய் வைத்தியசாலையின் அதிபர் ஹென்றி கொட்டன் பித்தரின் பற்களை ஆயிரக்கணக்கில் அகற்றுவித்தார். பற்களோடு நின்றாரல்லர், தொண்டைச் சதையையும் பெருங்குடலையும் அறுத்தெறிவித்தார், அறுவையில் மாண்டோர் பலர். தம் புதல்வரின் பற்களையும் விட்டுவைத்தாரில்லை என்பது அவரது நேர்மைக்குச் சான்று. நேர்மை மட்டும் ஒருவரைப் பிழையினின்றும் காவாது என்பதற்கும் அதுவே சான்று.

இவ்வலையை எதிர்த்து நின்றவர் கெல்ஸ். கதிராற் புண்பட்ட கையை உடையவர். நாட்டில் எவரினும் கூடுதலாகப் பற்களின் ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்தவர்களுள் ஒருவர். படத்தை மட்டும் நம்பிப் பற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடுங்குதல் அக்காலத்தின் பெருங்குற்றம் என 1920இல் தம் தொழிலாளர் முன்னிலையில் அவர் முழங்கினார். மருத்துவரின் கட்டளைக்குப் பணிந்து பல்லைப் பிடுங்க மறுக்கும் துணிவு பல்வைத்தியனுக்கு வேண்டும் என்பது அவரது வாதம். கோட்பாடு சரிவதற்கு மேலும் இருபதாண்டுகள் சென்றன. ஒரு காலத்தில் அதனை ஆதரித்த ரசல் செசில், ஆங்கேவைன் என்பவருடன் சேர்ந்து 200 மூட்டுவாத நோயாளரை ஆராய்ந்து 1938இல் வெளியிட்ட கட்டுரை, பல்லையும் தொண்டைச் சதையையும் அகற்றியதால் நோய் தீர்ந்திலது என்று காட்டிற்று. அதற்குள் ஒரு தலைமுறையினர் தம் பற்களை இழந்திருந்தனர்.

ஊடுகதிர்ப் படம் அவ்வழிவில் ஆற்றிய பங்கு யாது? படம் பொய் சொல்லவில்லை. வேர்நுனியில் என்பு குறைந்துள்ளது என்பதை மட்டுமே அது சொல்லிற்று. அந்நிழல் தொற்றோ, ஆறிய வடுவோ, இயல்பான துவாரத்தின் சாயலோ என்பதைச் சொல்லும் ஆற்றல் அதற்கில்லை. முழங்கால் நோவுக்கு அதுவே காரணமா என்பதைச் சொல்லுதல் எங்ஙனம்? பார்த்தவர் தாம் நம்பியதைப் படத்தின் வாயில் வைத்துப் பேசச் செய்தனர். படத்தின் தெளிவு பார்ப்பவனது சிந்தனைத் தெளிவுக்கு ஈடாகாது. தெளிவு கூடக் கூட, மயக்கமும் கூடும் இடங்கள் உள. முப்பரிமாணப் படத்தைப் பற்றிய இன்றைய விவாதத்தின் கரு இதுவே.

சாதாரண ஊடுகதிர்ப் படம் ஒரு நிழல். முப்பரிமாணமுடைய பல்லும் தாடையும் ஒரே தளத்தில் ஒன்றன்மேலொன்றாய் விழுந்த நிழல். கன்னத்தின் பக்கம் கிடப்பதும் நாவின் பக்கம் கிடப்பதும் அங்கு வேறுபட்டுத் தோன்றா. குழாயைச் சற்றே நகர்த்தி இரண்டாவது படமெடுத்து, எது எத்திசையில் நகர்ந்தது என்பதைக் கொண்டு ஆழத்தை உய்த்துணரும் முறையைச் சார்ள்ஸ் கிளாக் 1910இல் வகுத்தார். அம்முறை இன்றும் கற்பிக்கப்படுகிறது. கையாளப்படுவது அரிதாகி வருகின்றது. நிழலுக்கு மற்றொரு குறையும் உண்டு. தாடையின் உட்புறக் கடற்பஞ்சு என்பிற் குழி விழுந்திருப்பினும், வெளிப்புற வன்தட்டு அரிக்கப்படும்வரை படத்தில் அது தெளிவாகத் தெரியாமற் போகலாம் என்பதைப் பெண்டரும் செல்சரும் 1961இல் உலர்ந்த தாடைகளிற் குழிதோண்டிக் காட்டினர். ஆகவே நிழல் இல்லாமை நோய் இல்லாமை ஆகாது.

இக்குறைகளைத் தீர்க்கவே வெட்டுமுகப் படம் வந்தது. கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த பொறி 1971 ஒக்ரோபர் 1ஆம் நாள் இலண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. 1979இல் அவரும் அலன் கோமக்கும் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர். அப்பொறி மெல்லிய கற்றையால் உடலைத் தட்டுத்தட்டாக அறிவது. கூம்பாக விரியும் கற்றையை ஒரேயொரு முறை சுழற்றி, நூற்றுக்கணக்கான நிழல்களைப் பெற்று, அவற்றிலிருந்து முழுக் கனவுருவத்தையும் கணித்தெடுக்கும் வழியைப் பெல்ட்காம்ப் முதலிய மூவர் 1984இல் வெளியிட்டனர். அவர்கள் பணியாற்றியது போட் மோட்டார் நிறுவனத்தில் என்பது சுவையான செய்தி. இத்தாலியின் வெறோனா நகரிலிருந்து அம்முறையிலமைந்த பல்வைத்தியப் பொறி பற்றிய அறிக்கை 1998இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் யப்பானிலிருந்தும் அவ்வாறான பொறியொன்று அறிவிக்கப்பட்டது. கனவுருவத்தின் மிகச்சிறு கூறு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கினும் சிறிதாய் அமையக்கூடும். வைத்தியசாலைப் பெரும்பொறியினும் விலையும் கதிரளவும் குறைவு. ஆகவே அது தனியார் நிலையத்தின் மூலையில் வந்தமர்ந்தது.

அது செய்யும் நன்மையை மறுத்தல் அறியாமை. மேல்தாடையினுள் முளையாது புதைந்து கிடக்கும் வேட்டைப்பல், அயலிலுள்ள வெட்டும்பல்லின் வேரை அரித்துத் தின்கின்றதா என்பதைத் தட்டையான படத்தில் தீர்மானித்தல் பெரும்பாலும் ஊகமே; கனவுருவம் அதனை ஐயந்திரிபறக் காட்டும். பிளவுற்ற அண்ணத்துடன் பிறந்த குழந்தையின் என்புக் குறை, தாடையினுள் வளரும் கட்டியின் எல்லை, செயற்கை வேர் பதிப்பதற்கான என்பின் அகலம், வேர்க்குழாய் வைத்தியம் தோல்வியுற்ற மேற்கடைவாய்ப் பல்லில் தவறவிடப்பட்ட நான்காவது குழாய் ஆகிய இவையெல்லாம் வினாக்கள். அவற்றுக்குப் படம் விடையளிக்கின்றது. இங்கு படம் எடுக்காமல் விடுவதே குற்றமாகும்.

ஆயின் இவ்வினாக்களுக்கென நியாயப்படுத்தப்பட்ட பொறி, வினாவே இல்லாத வாய்களையும் விழுங்கத் தொடங்கியமை எவ்வாறு? அதன் ஆதரவாளர் மூன்று வாதங்களை முன்வைப்பர். அதிகம் தெரிந்தால் நன்மையன்றித் தீமையில்லை என்பது முதலாவது. கதிரளவு புறக்கணிக்கத்தக்கது என்பது இரண்டாவது. நோயாளியே அதனை விரும்புகிறான் என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு விடை வேண்டியதில்லை. எதனைக் காட்டினால் நோயாளி விரும்புவான் என்பது விற்பனைக் கலை. சப்பாத்துக் கடைகளிலே சிறுவரின் பாதங்களை ஊடுகதிரிற் காட்டி அளவு பார்க்கும் பெட்டிகள் 1920கள் முதல் மேனாடுகளில் இருந்தன. சிறுவர் அவற்றைப் பெரிதும் விரும்பினர். பென்சில்வேனியா மாநிலம் 1957இல் அவற்றைத் தடைசெய்தபோது சிறுவரைக் கேட்டுத் தடைசெய்யவில்லை.

முதலாவது வாதத்தை ஆராய்வோம். கூம்புக் கற்றைப் படம் அதிகம் தெரிவிப்பது என்புக்கும் பல்லுக்கும் மட்டுமே. மென்றசைகளை வேறுபடுத்திக் காட்டும் திறன் அதற்கு மிகக் குறைவு. உலோக அடைப்பு, வேரினுள் நாட்டிய முளை, மூடி ஆகியன இருப்பின் அவற்றிலிருந்து கீற்றுகள் நாற்புறமும் பாய்ந்து அயற் பற்களை மறைக்கும். விரிசலில்லாத வேரில் விரிசல்போல் ஒரு கோடு தோன்றுவதும் உண்டு. அதனை நம்பிப் பல்லைப் பிடுங்குவோர் கெல்ஸ் கண்ட குற்றத்தையே செய்கின்றனர். பொறி சுழலும் பல செக்கன்களில் நோயாளி சற்று அசைந்தாலும் உருவம் மங்கும். பற்களுக்கிடையே தொடங்கும் பற்சூத்தையைக் காண்பதற்கு, ஹவாட் றேப்பர் 1925இல் அறிமுகப்படுத்திய, பல்லாற் கடித்துப் பிடிக்கும் சிறுபடம் இன்றும் பொருத்தமானது. சில சதங்கள் பெறுமதியான அட்டைச் சிறகு செய்யும் வேலையைப் பல இலட்சம் பெறுமதியான பொறி செய்யவில்லை என்பதைப் பொறி வாங்கியோர் சொல்வதில்லை.

அதிகம் தெரிதல் அதிகம் நலம் தரும் என்பதும் தானாகவே பெறப்படுவதன்று. கீழ்த்தாடை ஞானப்பல்லை அகற்றும்போது அதன் வேருக்கருகே செல்லும் நரம்பு காயமுற்றுக் கீழுதடு விறைத்துப்போதல் நோயாளியும் வைத்தியரும் ஒருங்கே அஞ்சும் விளைவு. நரம்பின் இருப்பிடத்தைக் கனவுருவம் தட்டையான படத்தினும் செம்மையாகக் காட்டும் என்பதில் ஐயமில்லை. ஆகவே விறைப்பும் குறையும் என எவரும் எதிர்பார்ப்பர். பல வைத்தியசாலைகளில் நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடாத்தி 2015இல் வெளியான ஆய்வில் அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. முப்பரிமாணப் படமெடுத்த பிரிவினர்க்கு நரம்புக் காயம் குறைந்ததாகக் காணப்படவில்லை. வைத்தியர் நன்றாகப் பார்த்தனர். நோயாளர் அதனால் நன்மை பெற்றிலர். பார்த்தலுக்கும் பயன்பெறலுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே முதலாவது வாதம் மறைக்க முயல்வது.

மேலும், கனவுருவம் வேண்டாதவற்றையும் காட்டுகிறது. மேல்தாடை என்பினுள்ளேயுள்ள காற்றறையின் உட்சவ்வு சற்றுத் தடித்திருத்தல், கழுத்தில் ஒரு சுண்ணப் புள்ளி முதலியன. அவற்றுட் பல தீங்கற்றவை, சில தீவிரமானவை. படத்தை எடுத்தவருக்கு அதனை முழுவதும் வாசிக்கும் கடமை உண்டு என்பது ஐரோப்பிய வழிகாட்டியின் விதி. பல்லை மட்டும் பார்க்கப் பயின்ற கண்ணுக்குக் கழுத்தையும் மண்டையோட்டின் அடியையும் வாசிக்கும் பயிற்சி இல்லையேல், அப்படம் அறிவை அன்றிப் பொறுப்பை மட்டுமே பெருக்குகின்றது.

இனிக் கதிரளவு. இங்கு இருதரப்பாரும் மிகைப்படுத்துவர். ஐரோப்பிய ஆணைக்குழு 2012இல் வெளியிட்ட 172ஆம் இலக்கக் கதிர்ப் பாதுகாப்பு வழிகாட்டி சில எண்களைத் தருகின்றது. சதுரக் கற்றை கொண்டு எடுக்கப்படும் சிறு படம் ஒன்றுக்கு 1.5 மைக்கிரோசீவேற்றிலும் குறைவு. தாடை முழுவதையும் விரித்துக் காட்டும் படத்துக்கு 2.7 முதல் 24.3 வரை. பற்பகுதிக்கான கூம்புக் கற்றைப் படத்துக்கு 11 முதல் 674 வரை, நடுவெண் 61. முகம் முழுவதற்குமான படத்துக்கு 30 முதல் 1073 வரை. இயற்கையிலிருந்து மனிதன் ஆண்டொன்றிற் பெறும் அளவு உலகச் சராசரியாக ஏறத்தாழ 2400 மைக்கிரோசீவேற்று. ஆகவே நடுவெண்ணளவான படம், ஒன்பது நாட்களில் இயற்கை தருவதற்குச் சமன். இதனைக் கண்டு நடுங்குவோர் நடுங்கத் தேவையில்லை. கதிரென்றாலே அஞ்சி, இன்றியமையாத படத்தையும் மறுத்து, பற்களுக்கிடையே சூத்தை பரவ விடுவோரும் சடங்காளரைப் போன்று தவறுபவரே.

ஆனால் எண்களை மீண்டும் நோக்குக. 11க்கும் 674க்கும் இடையே அறுபது மடங்கு வேறுபாடு. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. எந்தப் பொறி, எவ்வளவு பரப்பு, எத்துணை நுண்மை என்பனவற்றைக் குறிப்பிடாது, அளவு மிகச் சிறிது என்று பொதுப்படக் கூறுவோர் எந்த எண்ணை மனத்திற் கொண்டு பேசுகின்றனர்? சிறு படமொன்றாற் தீரக்கூடிய ஐயத்துக்கு நடுவெண்ணளவான கனவுருவத்தை எடுத்தல் நாற்பது மடங்கு கதிரைச் செலுத்துதலாகும். தனியொருவருக்கு வரக்கூடிய தீங்கு மிக அற்பம் என்பது உண்மை. இலட்சக்கணக்கான வாய்களிற் பெருக்கினால் அது அற்பமன்று. வளரும் சிறுவரின் இழையங்கள் கதிருக்கு முதியோரினும் கூடிய உணர்ச்சியுடையன. அவர்களது தைரொயிட்டுச் சுரப்பி சிறிய கழுத்தில் தாடைக்கு மிக அண்மையிற் கிடக்கின்றது. பற்களை ஒழுங்குபடுத்தும் வைத்தியத்துக்கு வருவோரிற் பெரும்பாலார் சிறுவரே என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2007இல் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கணக்கிற் சேர்த்தபின், பல்வைத்தியப் படங்களின் அளவு முன்னர் மதித்ததிலும் கூடுதலென்றே தெரியவந்தது. புறக்கணிக்கத்தக்கது என்று ஒரு தலைமுறை சொன்னதை அடுத்த தலைமுறை திருத்தி எழுதிய வரலாறு இத்துறையில் இது முதன்முறையன்று.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சடங்கு ஏன் பரவுகின்றது? பொறியின் விலையே அதற்குக் காரணம். கடன்பட்டு வாங்கிய பொறி நாள்தோறும் சுழன்றால்தான் கடன் தீரும். அதனைச் சுழற்ற வேண்டுமென எழுதிக்கொடுப்பவரும் அதன் உடைமையாளரும் ஒருவரே. மருந்து எழுதுபவன் மருந்துக்கடை வைத்திருப்பதை ஐயத்தோடு நோக்கும் சமூகம், இதனை ஐயுறாதது வியப்புக்குரியது. ஐக்கிய அமெரிக்காவில் பற்சீரமைப்புக்கு வரும் சிறுவர் இவ்வாறு வழக்கமாகப் படமெடுக்கப்படுதலையும், பொறி செய்வோரின் பண உதவியோடு அதற்கு ஆதரவான பரப்புரை நடைபெற்றதையும் நியூ யோர்க் ரைம்ஸ் 2010 நவம்பரில் விரிவாக வெளிப்படுத்திற்று. 2014இல் சிறுவர்க்கான பல்வைத்தியப் படங்களில் மென்மை வேண்டும் என்னும் இயக்கமொன்று அங்கு தொடங்கப்பட்டது. நோயாளியின் வரலாற்றைக் கேட்டு வாயை ஆராயாமற் கூம்புக் கற்றைப் படம் எடுத்தலாகாது என்பதைத் தமது விதிகளில் முதலாவதாக ஐரோப்பிய வல்லுநர் எழுத நேர்ந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. எவரும் செய்யாத பிழையைத் தடுக்க எவரும் விதி எழுதுவதில்லை.

சடங்கின் மற்றொரு முகம் ஈய மேலங்கி. கனமான அவ்வங்கியை நோயாளிக்குப் போர்த்தியதும் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்னும் நிறைவு ஏற்படுகின்றது. பொஸ்ரன் நகரத்துப் பல்வைத்தியரான வில்லியம் றொலின்ஸ் 1901இலேயே கினிப் பன்றிகளைக் கதிர் கொல்லும் என்பதைக் காட்டினார். குழாயை ஈயப் பெட்டியில் அடைக்கவேண்டும், கதிர் வேண்டிய இடத்தில் மட்டுமே விழவேண்டும் எனவும் அவர் எழுதினார். அக்காலத்தவர் அவரைப் பொருட்படுத்தவில்லை. கற்றையைக் குறுக்குதல், நுண்ணுணர்வுடைய படமேற்கும் கருவி, தேவையற்ற படத்தைத் தவிர்த்தல் ஆகிய இவையே உண்மைப் பாதுகாப்பு. இவை நிறைவேறிய இடத்தில் மேலங்கியும் கழுத்துக் காப்பும் இனி வேண்டியதில்லை என அமெரிக்கப் பல்வைத்தியச் சங்கம் 2024இல் அறிவித்தது. கண்ணுக்குத் தெரியும் காப்பு போயிற்று. கண்ணுக்குத் தெரியாத காப்பு, அதாவது வைத்தியனின் தீர்மானம், மட்டுமே எஞ்சி நிற்கிறது. அதனைப் போர்த்திக் காட்டிப் படம்பிடிக்க முடியாது.

இலங்கைக்கு இவ்விவாதம் எட்டாத ஒன்றன்று. இந்நாட்டு ஆண்களிடையே முதன்மை பெறும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியன அதன் தோழர். பாக்கு தனித்தே புற்றுநோய் விளைப்பது என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிப்படுத்திற்று. அந்நோய் கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமாகவோ செந்திட்டாகவோ, வாயைத் திறக்கவொட்டாத இறுக்கமாகவோ தொடங்குகின்றது. தொடக்க நிலையில் எந்த ஊடுகதிர்ப் படத்திலும் அது தெரியாது. முப்பரிமாணத்திலும் தெரியாது. என்பைத் தின்னத் தொடங்கிய பின்னரே தெரியும். அப்போது காலம் கடந்திருக்கும். அதனைக் காணவேண்டியவை நல்லதொரு விளக்கு, ஒரு வாய்க்கண்ணாடி, கன்னத்தை விலக்கிப் பார்க்கும் இரு விரல்கள். இலங்கையின் ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குச் சிறு பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டு கிராமங்களிற் பல்லாயிரம் பேரின் வாய்களைப் பார்க்கச் செய்து, புற்றுக்கு முன்னோடியான மாற்றங்களைக் கண்டறிய இயலும் என்பது 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான ஆய்வினால் நிறுவப்பட்டது. பொறியின் திரையிற் பல்லை மட்டும் கண்டு, வாயைப் பாராது நோயாளியை அனுப்பிவிடும் வைத்தியம், அவ்வூழியர் கண்டிருக்கக்கூடிய வெண்படலத்தைத் தவறவிடும் வைத்தியமாகும்.

நோயாளியின் இசைவு பற்றியும் ஒரு சொல். இது ஒரு ஸ்கான், எடுக்கவேண்டும் என்னும் அளவோடு பெரும்பாலும் விளக்கம் முடிந்துவிடுகின்றது. அறிக்கையோ ஆங்கிலத்தில் வருகின்றது. எதற்காக, எவ்வளவு கதிர், எடுக்காவிடின் நேர்வது யாது என்பவை தமிழிற் சொல்லப்படுவதில்லை. தமிழிற் சொல்ல இயலாது என்போர், சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை அறியாதார் அல்லர். விளக்கினால் நோயாளி வினவுவான். வினவினால் விடை சொல்ல வேண்டிவரும். சொல்லாமைக்குக் காரணம் மொழியில் இல்லை.

1943இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்த பல்வைத்தியக் கல்வி, விரலாலும் வாய்க்கண்ணாடியாலும் ஆய்கோலாலும் நோயறியப் பல தலைமுறை மாணவரைப் பயிற்றியது. புதிய பொறிகள் வருகையில் அப்பயிற்சியின் நேரத்தை வெட்டி அவற்றுக்கு இடமளித்தல் எளிது. எதிர்க்க வேண்டியதும் அதுவே. படம் வேண்டி எழுதும் படிவத்தில், இப்படம் எந்த வினாவுக்கு விடையாக வேண்டப்படுகிறது என ஒரு வரி இருத்தல் வேண்டும். விடை இவ்வாறாயின் செய்வது யாது, அவ்வாறாயின் செய்வது யாது என்று அதன்கீழ் இன்னொரு வரி. இரு விடைகளுக்கும் செய்வது ஒன்றேயாயின் படிவத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் கதிர்ப்படப் பகுதிக்கு உண்டு என்பது எழுத்திலிருத்தல் வேண்டும். இறுதித் தேர்விலும் மாணவனிடம் படத்தைக் கொடுத்து நோயைக் கேட்பதற்கு மாறாக, நோயாளியை முன்னிருத்தி, படம் வேண்டுமா வேண்டாவா என்பதையே முதல் வினாவாகக் கேட்கலாம். வேண்டா என்பது சரியான விடையாயிருக்கும் நோயாளரும் அத்தேர்வில் இடம்பெறல் வேண்டும்.